கேலக்ஸிக் கொத்துக்குள் மிதக்கும் தூசை அளப்பது எப்படி? முதல்முறை இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கேலக்ஸிக் கொத்துகளில், அதாவது ஈர்ப்பால் பிணைந்த பெரிய கேலக்ஸிக் கூட்டங்களில், கேலக்ஸிகளுக்கு நடுவே உள்ள பகுதியில் தூசு இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு என்று அளப்பதுதான் என் முதுகலை ஆய்வேட்டின் தலைப்பு. மூன்று மாதத்தில் முடித்துவிடலாம் என்று தொடங்கினேன். எட்டு மாதம் ஆனது. அதில் பாதிக்கு மேல், விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மாலை நேரம் பேசியிருந்தால் மிச்சமாகியிருக்கும். அந்த ஒரு மாலைப் பேச்சை இங்கே எழுத்தில் தருகிறேன்.

உங்களுக்குப் பைத்தான் ஓரளவு தெரியும், சராசரி, திட்டவிலக்கம் போன்றவை பழக்கம் என்று வைத்துக்கொள்கிறேன். தொலைநோக்கி எதுவும் வேண்டாம். எல்லாம் ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கும் தரவில் செய்வதுதான்.

1. தேடும் பொருள் எவ்வளவு சிறியது என்று முதலில் கணக்குப் போடுங்கள்

கொத்துக்குள் கேலக்ஸிகளுக்கு நடுவே 1 கோடி முதல் 10 கோடி கெல்வின் வரை சூடான, மிக மெலிந்த வாயு நிரம்பியிருக்கிறது. எக்ஸ் கதிரில் கொத்துகள் பளிச்சென்று தெரிவது இதனால்தான். இந்த வாயுவின் அயனிகள் தூசுத் துகளில் மோதி மோதி அதை அரித்துவிடும். கன சென்டிமீட்டருக்கு 0.001 அணு என்ற அடர்த்தியில், 0.1 மைக்ரான் அளவுள்ள துகள் சுமார் 10 கோடி ஆண்டுக்குள் கரைந்துவிடும். 0.01 மைக்ரான் துகளுக்கு ஒரு கோடி ஆண்டுதான். கொத்தின் வயதோ பல நூறு கோடி ஆண்டுகள். ஆகவே இன்று அங்கே தூசு இருந்தால், அது அண்மையில்தான் கேலக்ஸிகளிலிருந்து வெளியே வந்திருக்க வேண்டும். கேலக்ஸிகள் தங்கள் பொருளை எந்த வேகத்தில் இழக்கின்றன என்பதற்கு அது நேரடிச் சாட்சி. இந்தச் சின்ன எண்ணுக்காக இவ்வளவு பாடுபடுவது அதனால்தான்.

அளக்கும் வழி எளிமையானது. தூசு நீல ஒளியை அதிகம் மறைக்கும், சிவப்பைக் குறைவாக மறைக்கும். கொத்துக்குப் பின்னால், வெகு தொலைவில் இருக்கும் குவேசார்கள் (மிகப் பிரகாசமான கேலக்ஸி மையங்கள்) கொஞ்சம் சிவந்து தெரிய வேண்டும். எவ்வளவு சிவப்பு என்பதில்தான் சிரமம். 2007-ல் செலூஷ், கோஸ்டர், போவன் மூவரும் ஆயிரக்கணக்கான கொத்துகளுக்குப் பின்னால் இருக்கும் குவேசார்களைச் சேர்த்துப் பார்த்து, ஒரு மேக்னிட்யூடில் (வானியலில் ஒளியளவின் அலகு) ஆயிரத்தில் சில பங்கு என்றார்கள். 2008-ல் போவி, ஹாக், முஸ்தகாஸ் மூவரும் பின்னணிக் கேலக்ஸிகளின் நிறமாலைகளை வைத்துப் பார்த்து, அதே அளவில் ஒரு மேல்வரம்பை மட்டும் தந்தார்கள். ஆயிரத்தில் ஒரு பங்கை இனி மில்லிமேக் என்கிறேன்.

ஒரே செம்பெயர்ச்சியில் (தொலைவு கூடக் கூடப் பெரிதாகும் எண், தொலைவுக்கு அளவுகோல்) இருக்கும் குவேசார்களின் நிறம் ஒன்றுக்கொன்று சுமார் 0.2 மேக்னிட்யூட் வேறுபடும். 1 மில்லிமேக் துல்லியம் வேண்டுமென்றால் 0.2-ஐ 0.001-ஆல் வகுத்து, வரும் 200-ஐ அதே 200-ஆல் பெருக்குங்கள்: 40,000 குவேசார்கள். இந்த ஒரு வரிக் கணக்கை நான் நான்காவது மாதத்தில்தான் போட்டேன். அதுவரை 12 கொத்துகளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, ஏன் எதுவும் தெரியவில்லை என்று குழம்பிக்கொண்டிருந்தேன்.

2. மறைப்பா, ஒளிர்வா? முதல் வாரமே முடிவு செய்யுங்கள்

இன்னொரு வழியும் உண்டு. 20 கெல்வின் அளவில் இருக்கும் தூசு 150 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டி ஒளிரும். ஐராஸ், பிளாங்க், ஹெர்ஷல் செயற்கைக்கோள்களின் வரைபடங்களில் நூற்றுக்கணக்கான கொத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால் அந்த ஒளி தெரியும். பிளாங்க் குழு இப்படி அடுக்கி, தூசின் வெப்பநிலை சுமார் 24 கெல்வின் என்று கண்டது.

ஆனால் அந்த ஒளி கொத்தில் இருக்கும் கேலக்ஸிகளின் சொந்தத் தூசிலிருந்து வருகிறதா, நடுவே மிதக்கும் தூசிலிருந்து வருகிறதா என்று பிரிக்க முடியாது. பிளாங்கின் பார்வை மிகக் கூர்மையான அலைவரிசையிலும் ஏறத்தாழ 5 ஆர்க் நிமிடம்தான், அதாவது ஒரு டிகிரியில் 12-ல் ஒரு பங்கு. செம்பெயர்ச்சி 0.3-ல் இருக்கும் கொத்தில் அந்த அகலத்துக்குள் ஒரு மெகாபார்செக்குக்கு (சுமார் 33 லட்சம் ஒளியாண்டு) மேல் அடங்கிவிடும். உங்கள் கேள்வி கேலக்ஸிகளுக்கு நடுவே இருக்கும் தூசு பற்றியது என்றால், தொடக்கத்துக்கு மறைப்பு வழியே சரி. கீழே வருவதெல்லாம் அதற்கானவை.

இரண்டையும் ஒரே ஆய்வேட்டில் செய்கிறேன் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் ஆய்வு வழிகாட்டி ஆசைப்படுவார். இரண்டின் பிழைகளும் வேறு வேறு, மென்பொருளும் வேறு வேறு. நான் இதில் ஆறு வாரம் இழந்தேன்.

3. தரவிறக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நான்கு கோப்புகள் வேண்டும்.

முதலாவது, குவேசார் பட்டியல். எஸ்.டி.எஸ்.எஸ். என்ற ஸ்லோன் டிஜிட்டல் வான் ஆய்வின் 16-ஆவது வெளியீட்டில் 7,50,414 குவேசார்கள் உள்ளன. எல்லாவற்றுக்கும் நிறமாலை எடுத்திருப்பதால் செம்பெயர்ச்சியை நம்பலாம். ஒரே ஃபிட்ஸ் (வானியல் தரவு வடிவம்) கோப்பாகக் கிடைக்கும்.

இரண்டாவது, கொத்துப் பட்டியல். எஸ்.டி.எஸ்.எஸ். படங்களிலிருந்து எடுத்த ரெட்மாப்பர் பட்டியலில் சுமார் 26,000 கொத்துகள் உண்டு. வென், ஹான், லியூ 2012-ல் வெளியிட்ட பட்டியலில் 1,32,684 உண்டு. எண்ணிக்கையைப் பார்த்துப் பெரியதை எடுக்கத் தோன்றும். முதலில் ரெட்மாப்பரை எடுங்கள். ஒவ்வொரு கொத்தும் எவ்வளவு செறிவானது, நடுக் கேலக்ஸி எதுவாக இருக்க வாய்ப்பு என்பதை அது நிகழ்தகவோடு தருகிறது. பெரிய பட்டியலைக் கடைசியில் சரிபார்க்கப் பயன்படுத்தலாம். இரண்டுமே விசியர் தளத்தில் இலவசம்.

மூன்றாவது, நம் பால்வீதியின் தூசு வரைபடங்கள். பன்மையில்தான் சொல்கிறேன், ஒன்று போதாது. ஏன் என்பது 6-ஆம் படியில்.

நான்காவது, கையா செயற்கைக்கோள் பட்டியலிலிருந்து அதே வானப் பகுதிகளில் உள்ள நட்சத்திரங்கள். இது எதற்கு என்று இப்போது தோன்றாது. 7-ஆம் படி வரை பொறுங்கள்.

இவற்றோடு ஒரு வெற்று உரைக் கோப்பையும் திறந்து வையுங்கள். எந்தக் கோப்பை, எந்தத் தேதியில், எந்தப் பதிப்பில் எடுத்தீர்கள், எந்த நெடுவரிசைகளைப் பயன்படுத்தினீர்கள் என்று அன்றன்றே எழுதுங்கள். பதிப்பு எண்ணைக் குறித்து வைக்காததால் நான் ஒரு பட்டியலை முழுதாக மறுபடி இறக்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்டினேன்.

எஸ்.டி.எஸ்.எஸ். தரவை வினவல் எழுதி எடுக்க காஸ்ஜாப்ஸ் என்ற சேவையில் ஒரு கணக்கு வேண்டும். இலவசம்தான், மின்னஞ்சல் போதும். அங்கே விரைவு வரிசையில் போடும் வினவல் ஒரு நிமிடத்தில் நின்றுவிடும். பாதி விடையோடு நின்றதை முழு விடை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரிய வினவலை நீண்ட வரிசையில் போட்டுவிட்டு, மறுநாள் காலையில் பாருங்கள்.

4. செலவு

தரவு, மென்பொருள், ஆய்வுக் கட்டுரைகள் மூன்றுக்கும் காசு கிடையாது. ஆஸ்ட்ரோபை (பைத்தான் வானியல் தொகுப்பு), டாப்கேட் (பட்டியல்களைக் கையாளும் மென்பொருள்), டஸ்ட்மேப்ஸ் (தூசு வரைபடத் தொகுப்பு) எல்லாம் இலவசம். கட்டுரைகள் ஆர்க்கைவ் என்ற இணையக் களஞ்சியத்தில் கிடைக்கும். 8 ஜி.பி. நினைவகம் உள்ள சாதாரண மடிக்கணினி போதும். அதுவும் இல்லாதவர்கள் கூகுள் கோலாப் இலவசப் பதிப்பிலேயே பெரும்பகுதியைச் செய்துவிடலாம். நான் காசு கொடுத்து வாங்கியது ஒரு வெளி வன்தட்டு மட்டும், அதற்குச் சில ஆயிரம் ரூபாய்.

பணம் கேட்கும் இடம் பிரசுரம். சில இதழ்கள் ஆசிரியரிடம் கட்டணம் வாங்கும். எம்.என்.ஆர்.ஏ.எஸ். என்ற பழைய இதழ் 2024 முதல் முழுதும் திறந்த அணுக்கத்துக்கு மாறிவிட்டது. உங்கள் நிறுவனத்துக்கு ஒப்பந்தமோ, உங்களுக்குச் சலுகையோ இல்லையென்றால் தொகை பெரிது. ஓப்பன் ஜர்னல் ஆஃப் ஆஸ்ட்ரோபிசிக்ஸ் கட்டணம் வாங்குவதில்லை. எழுதத் தொடங்கும் முன்பே எங்கே அனுப்பப் போகிறீர்கள் என்று வழிகாட்டியுடன் பேசிவிடுங்கள்.

5. குவேசார் பட்டியலைச் சலித்தல்

செம்பெயர்ச்சி 1.0-க்கும் 2.2-க்கும் இடையில் உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 1.0-க்குக் கீழே போகப் போக குவேசாரைச் சுமக்கும் கேலக்ஸியின் ஒளி நிறத்தில் கலக்கும். 2.2-க்கு மேலே போனால் ஹைட்ரஜனின் லைமன் ஆல்ஃபா கோடு (குவேசார் நிறமாலையில் பளிச்சென்று தெரிவது) ஜி என்ற நீலப்பச்சை வடிகட்டிக்குள் நுழைந்து நிறத்தைக் கெடுக்கும். ரெட்மாப்பர் கொத்துகள் செம்பெயர்ச்சி 0.6-க்குக் கீழே இருப்பதால், 1.0-க்கு மேல் உள்ள எல்லாக் குவேசாரும் உறுதியாகப் பின்னால்தான் இருக்கிறது. பின்னணிக்குக் கேலக்ஸிகளை எடுத்தால் இந்த உறுதி கிடைக்காது. நிறத்தை வைத்து ஊகித்த செம்பெயர்ச்சியில், கொத்தின் சொந்தக் கேலக்ஸிகளே பின்னணியாக வேடம் போட்டு உள்ளே வந்துவிடும். அவை பெரும்பாலும் சிவப்பு. நீங்கள் தூசு கண்டுவிட்டதாக நினைப்பீர்கள்.

நிறமாலையில் அகன்ற உட்கவர் கோடுகள் (ஒளி விழுங்கப்பட்ட இருண்ட பட்டைகள்) உள்ள குவேசார்களை நீக்குங்கள், அவை தம் தூசாலேயே சிவந்தவை. பட்டியலில் இதற்கென்று ஒரு நிகழ்தகவு நெடுவரிசை இருக்கிறது.

இங்கே இரண்டு பொறிகள். பட்டியலில் உள்ள ஒளியளவுகள் பால்வீதித் தூசுக்குத் திருத்தப்படாதவை, திருத்த அளவு தனி நெடுவரிசையில் இருக்கும். ஆனால் எஸ்.டி.எஸ்.எஸ். புகைப்படப் பட்டியலில் டீரெட் என்று தொடங்கும் நெடுவரிசைகள் ஏற்கெனவே திருத்தியவை. இரண்டு இடத்திலிருந்தும் எடுத்துக் கலந்தால் சிலவற்றுக்கு இரண்டு முறை திருத்தம் விழும், சிலவற்றுக்கு விழவே விழாது. இரண்டாவது, ஐந்து வடிகட்டிகளின் அளவுகளும் ஒரே நெடுவரிசையில் யூ, ஜி, ஆர், ஐ, இஸட் என்ற வரிசையில் அடுக்கியிருக்கும். பைத்தான் 0-விலிருந்து எண்ணுவதால் ஜி என்பது 1, ஐ என்பது 3. சிரிக்காதீர்கள், இதில் தவறி ஒரு வாரம் போனவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம் நிறம். குவேசாரின் ஜி−ஐ நிறம் (ஜி ஒளியளவிலிருந்து ஐ ஒளியளவைக் கழித்தது) செம்பெயர்ச்சியோடு மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே செம்பெயர்ச்சியை 0.05 அகலத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் இடைநிலை நிறத்தைக் கண்டு, ஒவ்வொரு குவேசாரின் நிறத்திலிருந்தும் அதைக் கழியுங்கள். மிஞ்சுவதைத்தான் இனி நிறம் என்று சொல்வோம். சராசரியை எடுக்காதீர்கள். மிகச் சிவந்த சில குவேசார்கள் சராசரியை எங்கேயோ இழுத்துக்கொண்டு போய்விடும்.

6. பால்வீதியின் தூசைக் கழித்தல்: பெரும்பாலோர் விழும் பள்ளம்

இந்தப் படியை இரண்டு முறை படியுங்கள்.

நாம் பார்க்கும் எல்லாமே நம் பால்வீதியின் தூசு வழியாகத்தான் வருகிறது. அது சுத்தமான திசையிலும் பத்து, இருபது மில்லிமேக் சிவப்பைத் தரும். நாம் தேடுவதோ ஒன்றிரண்டு. ஆகவே திருத்தியே ஆக வேண்டும். எல்லோரும் கை வைப்பது 1998-இல் ஷ்லேகல், ஃபிங்க்பைனர், டேவிஸ் மூவரும் வெளியிட்ட எஸ்.எஃப்.டி. தூசு வரைபடத்தில். 2011-இல் ஷ்லாஃப்லி, ஃபிங்க்பைனர் இருவரும் அதைச் சரிபார்த்து, 0.86-ஆல் பெருக்க வேண்டும் என்றார்கள். இதுவரை பாடநூலில் இருக்கும்.

நான் அப்படியே செய்தேன். விடை வந்தது. கொத்துகளுக்குப் பின்னால் உள்ள குவேசார்கள் சிவப்பாக இல்லை, நீலமாக இருந்தன. தூசு ஒளியை நீலமாக்காது. குறியீட்டில் கூட்டல் கழித்தல் தவறியிருக்கும் என்று மூன்று வாரம் நிரலைத் தேய்த்தேன். நிரலில் தவறு இல்லை.

தவறு வரைபடத்தின் இயல்பில் இருக்கிறது. எஸ்.எஃப்.டி. வரைபடம் தூசை நேராக எண்ணவில்லை. 100 மைக்ரான் ஒளி எங்கே அதிகம் என்று பார்த்து, அங்கே பால்வீதித் தூசு அதிகம் என்று கொள்கிறது. தொலைவில் இருக்கும் கேலக்ஸிகளும் அதே 100 மைக்ரானில் ஒளிர்கின்றன. கேலக்ஸிகள் கூட்டமாக இருக்கும் இடத்தில், அதாவது கொத்துகள் இருக்கும் இடத்தில், அந்த ஒளியையும் வரைபடம் பால்வீதிக் கணக்கில் எழுதிவிடுகிறது. நாம் அந்த எண்ணை வைத்துத் திருத்தும்போது, இல்லாத தூசுக்கும் சேர்த்துத் திருத்துகிறோம். பின்னால் இருப்பது நீலமாகிவிடுகிறது. நாம் தேடும் பொருள் எங்கே இருக்கிறதோ சரியாக அங்கேயே, எதிர்த் திசையில், அதே அளவில் ஒரு பிழை. 2019-இல் சியாங், மேனார் இருவரும் பல தூசு வரைபடங்களை ஒப்பிட்டு இந்தக் கலப்படத்தைத் தெளிவாகக் காட்டினார்கள். அந்தக் கட்டுரையை முதல் வாரத்தில் படித்திருந்தால் எனக்கு இரண்டு மாதம் மிச்சம்.

என்ன செய்யலாம்? தொலைதூரக் கேலக்ஸிகளின் ஒளி கலக்காத வரைபடம் வேண்டும். இரண்டு வகை உண்டு.

ஒன்று, நட்சத்திரங்களின் நிறத்தை வைத்து வரைந்த பேயஸ்டார். நடுவரை விலக்கம் (வானத்தின் அட்சரேகை) −30 டிகிரிக்கு வடக்கே உள்ள வானம் முழுவதும் இருக்கிறது. நட்சத்திரங்கள் நம் கேலக்ஸியைச் சேர்ந்தவை என்பதால் கொத்துகளின் ஒளி இதில் புகாது. பால்வீதித் தளத்திலிருந்து விலகிய திசைகளில் நட்சத்திரங்கள் குறைவு, ஆகவே அங்கே இரைச்சல் அதிகம். ஆனால் அந்த இரைச்சலுக்குக் கொத்து எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆயிரக்கணக்கில் சேர்க்கும்போது அது அடங்கிவிடும். கவனம்: பேயஸ்டார் தரும் எண்ணின் அலகு வேறு. விளக்கக் குறிப்பில் உள்ள மாற்றுக் காரணியால் பெருக்காமல் பயன்படுத்தக் கூடாது.

இன்னொன்று, நடுநிலை ஹைட்ரஜன் வாயுவை அளந்து அதிலிருந்து தூசைக் கணிக்கும் வரைபடம். ரேடியோ அலையில் வாயுவின் வேகம் தெரியும். பால்வீதியின் வேகத்தில் வருவதை மட்டும் எடுத்துக்கொள்வதால், தொலைவில் உள்ளது தானாக வெளியே போய்விடும். 2017-இல் லென்ஸ், ஹென்ஸ்லி, டோரே வெளியிட்டது இந்த வகை. வாயு மெலிந்த திசைகளில் மட்டும், வானத்தில் சுமார் 40 சதவீதத்துக்குக் கிடைக்கும். கூர்மை 16 ஆர்க் நிமிடம்தான். நமக்கு அது பரவாயில்லை.

மூன்று வரைபடங்களும் டஸ்ட்மேப்ஸ் தொகுப்பில் இருக்கின்றன. மூன்றாலும் தனித்தனியே திருத்தி, மூன்று விடைகளையும் பக்கம் பக்கமாக வையுங்கள். எதைக் கடைசி விடையாகச் சொல்லப் போகிறீர்கள் என்பதை எண்களைப் பார்க்கும் முன்பே எழுதி வையுங்கள். பார்த்த பிறகு மனம் தனக்குப் பிடித்ததைத்தான் தேர்ந்தெடுக்கும். எனக்கும் அப்படித்தான் ஆனது, சிவப்பு காட்டிய வரைபடத்தை உடனே நம்பிவிட்டேன்.

7. ஜோடி சேர்த்தல், அதோடு நட்சத்திரச் சோதனை

ஒவ்வொரு கொத்தின் நடுவிலிருந்து 1 மெகாபார்செக்குக்குள் விழும் குவேசார்கள் உள்வட்டம். 3 முதல் 5 மெகாபார்செக் வரை உள்ளவை ஒப்பீட்டு வளையம். இரண்டின் நிற வித்தியாசம்தான் உங்கள் அளவு. ஆர்க் நிமிடத்தில் ஒரே ஆரத்தை எல்லாக் கொத்துக்கும் போடாதீர்கள். 1 மெகாபார்செக் என்பது செம்பெயர்ச்சி 0.1-ல் சுமார் 9 ஆர்க் நிமிடம், 0.3-ல் 4-க்கும் கொஞ்சம் குறைவு. ஆஸ்ட்ரோபையில் இதற்குத் தயாரான சார்பு உண்டு.

எத்தனை ஜோடி கிடைக்கும்? 26,000 கொத்துகளின் உள்வட்டங்களைச் சேர்த்தால் ஏறக்குறைய 300 சதுர டிகிரி. சதுர டிகிரிக்கு 80 குவேசார் என்று எடுத்தால் 20,000 சொச்சம். சலித்த பிறகு என்னிடம் பாதிகூட மிஞ்சவில்லை. அதாவது இரண்டு மில்லிமேக்குக்குக் கீழே போவது கடினம். இதை முன்கூட்டியே வழிகாட்டியிடம் சொல்லிவிட்டால் பின்னால் மனக்கசப்பு இல்லை.

உள்வட்டக் குவேசார் ஒவ்வொன்றுக்கும், அதே செம்பெயர்ச்சியும் அதே ஒளியளவும் கொண்டவற்றை வளையத்திலிருந்து இணை சேருங்கள். கொத்தின் ஈர்ப்பு பின்னால் இருப்பதை உருப்பெருக்கிக் காட்டும். ஈர்ப்பு நிறத்தை மாற்றாது, ஆனால் சாதாரணமாகத் தெரியாத மங்கலான குவேசார்களைப் பட்டியலுக்குள் கொண்டுவரும், அவற்றின் நிறம் கொஞ்சம் வேறாக இருக்கலாம். கொத்தின் உறுப்பினர் கேலக்ஸி ஏதாவது 50 கிலோபார்செக்குக்குள் குறுக்கிட்டால் அந்தக் குவேசாரை விட்டுவிடுங்கள். அது கேலக்ஸியின் சொந்தத் தூசு, நாம் கேட்பது நடுவே இருப்பதை. 50 என்பது என் முடிவு, எங்கே கேலக்ஸி முடிகிறது என்பதற்கு இயற்கை கோடு கிழித்து வைக்கவில்லை. 30, 100 என்றும் வைத்து ஓட்டிப் பாருங்கள்.

இப்போது நட்சத்திரங்கள். எங்கள் குழுவில் இருந்த மூத்த மாணவி ஒருவர், என் நீல நிற விடையைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அதே இடத்துல நட்சத்திரங்களோட நிறத்தைப் பாத்தியா?" அந்தக் கேள்விதான் என் ஆய்வேட்டைக் காப்பாற்றியது.

நட்சத்திரங்கள் நம் பால்வீதிக்குள் இருப்பவை. கொத்து அவற்றுக்கு வெகு பின்னால் இருக்கிறது. கொத்தின் தூசு அவற்றைச் சிவப்பாக்க வாய்ப்பே இல்லை. ஆகவே குவேசாருக்குச் செய்த அதே கணக்கை நட்சத்திரங்களுக்கும் செய்தால், உள்வட்டத்துக்கும் வளையத்துக்கும் வித்தியாசம் பூஜ்யம் வர வேண்டும். வரவில்லை என்றால் அது உங்கள் திருத்த வரைபடத்தின் பிழை, அல்லது கொத்தின் நடுவில் பரவிய ஒளியைப் படச் செயலாக்கம் சரியாகக் கழிக்காத பிழை. எஸ்.எஃப்.டி. வரைபடத்தோடு என் நட்சத்திரங்களும் நீலமாயின. அன்று இரவே எல்லாம் விளங்கிவிட்டது. நட்சத்திரங்கள் குவேசார்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் இந்தச் சோதனையின் துல்லியமும் அதிகம்.

ஒரு எச்சரிக்கை. புள்ளிபோலத் தெரிவதெல்லாம் நட்சத்திரம் ஆகாது, கொத்தின் சிறிய கேலக்ஸிகளும் மங்கலில் புள்ளிபோலத் தெரியும். கையா பட்டியலில் தெளிவான இட நகர்வு உள்ளவற்றை மட்டும் எடுங்கள். நகர்ந்தால் அது நட்சத்திரம்தான்.

இதைக் குவேசாரை அளப்பதற்கு முன்னால் செய்யுங்கள். நட்சத்திரங்களில் பூஜ்யம் வராத வரை குவேசார் விடையைத் திறந்தே பார்க்காதீர்கள்.

8. பிழை எல்லை

திட்டவிலக்கத்தை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்து விட்டுவிட்டால் பிழை குறைவாகத் தெரியும். ஒரே குவேசார் இரண்டு, மூன்று கொத்துகளின் வட்டத்தில் விழும். பக்கத்துப் பக்கத்துக் குவேசார்கள் ஒரே பால்வீதித் திருத்தப் பிழையைப் பகிரும். வானத்தை ஹீல்பிக்ஸ் முறையில் (வானத்தைச் சமப் பரப்புகளாகப் பிரிப்பது) நூறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு முறையும் ஒரு துண்டை விட்டுவிட்டு மீண்டும் கணக்கிடுங்கள். விடைகள் எவ்வளவு ஆடுகின்றன என்பதிலிருந்து பிழை எல்லையை எடுங்கள். என் விஷயத்தில் அது எளிய கணக்கைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக வந்தது.

கொத்துகளின் இடத்தைக் குலுக்கிப் போட்டு, சமவாய்ப்பு இடங்களிலும் அதே கணக்கை ஓட்டுங்கள், அங்கே பிழை எல்லைக்குள் பூஜ்யம் வர வேண்டும். ஒரு இரவு ஓட விடுவதோடு சரி.

9. எண்ணைத் தூசின் நிறையாக மாற்றுதல்

பால்வீதித் தூசு போன்றதுதான் அங்கேயும் என்று கொண்டால், பி−வி நிறத்தில் (நீல, பச்சை வடிகட்டிகளின் ஒளியளவு வித்தியாசம்) 1 மில்லிமேக் சிவப்பு என்பது, 1 மெகாபார்செக் ஆரத்துக்குள் சுமார் 150 கோடி சூரிய நிறை தூசு. ஜி−ஐ நிறத்தில் அளந்திருந்தால் முதலில் 1.6-ஆல் வகுக்க வேண்டும். கொத்தின் செம்பெயர்ச்சியால் வடிகட்டிகள் நீலத்தை நோக்கி நகர்ந்திருப்பதையும் கணக்கில் சேருங்கள், செம்பெயர்ச்சி 0.3-ல் ஜி வடிகட்டி பார்ப்பது உண்மையில் புற ஊதாவின் விளிம்பை. கொத்தின் வாயு நிறையோடு ஒப்பிட்டால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்ற வரிசையில் வரும். பால்வீதியில் அது நூற்றில் ஒரு பங்கு.

இந்த எண்ணைக் கட்டுரையில் எழுதும்போது மூன்று விஷயங்களைச் சேர்த்தே எழுதுங்கள். சிறிய துகள்கள் முதலில் அழிவதால் மிஞ்சியவை பெரியவையாக இருக்கலாம். பெரிய துகள்கள் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் மறைக்கும், நிறத்தில் தெரியாமலே நிறைய நிறை ஒளிந்திருக்கலாம். அடுத்து, எஸ்.டி.எஸ்.எஸ். பல குவேசார்களை நிறத்தை வைத்துத்தான் தேர்ந்தெடுத்தது, மிகவும் சிவந்தவை பட்டியலுக்கே வந்திருக்காது. கடைசியாக, ஒப்பீட்டு வளையத்திலும் தூசு இருக்கலாம். மேனார் குழு 2010-இல் கேலக்ஸிகளைச் சுற்றிப் பல மெகாபார்செக் தூரம் வரை சிவப்பைக் கண்டது. இந்த மூன்றும் உங்கள் எண்ணை ஒரே பக்கமாக, குறைவாகவே காட்டும்.

எனக்குக் கடைசியில் கிடைத்தது ஒரு மேல்வரம்பு. அதை எழுத முதலில் தயங்கினேன், கண்டுபிடிப்பு என்று சொல்ல எதுவும் இல்லையே என்று. தயங்க வேண்டாம். நட்சத்திரச் சோதனையில் பூஜ்யம் காட்டிவிட்டு வரும் மேல்வரம்பை யாரும் எளிதில் தள்ள முடியாது.

10. எவ்வளவு நாள், எப்போது எதை அனுப்புவது

படிக்க இரண்டு வாரம், தரவிறக்கிச் சலிக்க மூன்று வாரம், நட்சத்திரச் சோதனைக்கு ஒரு மாதம், குவேசார் அளவுக்கும் பிழை எல்லைக்கும் மூன்று வாரம், எழுத ஒரு மாதம். நாலு மாதத்தில் நிதானமாக முடியும். நட்சத்திரச் சோதனைக்கு ஒதுக்கிய மாதத்தை மட்டும் எந்தக் காரணத்துக்கும் குறைக்காதீர்கள்.

ஆர்க்கைவில் முதல்முறை போடுபவர்களுக்கு, அந்தத் துறையில் ஏற்கெனவே எழுதிய ஒருவரின் பரிந்துரை தேவைப்படலாம். இதைக் கடைசி நாளில் கேட்டால் ஒரு வாரம் தாமதமாகும். கணக்குத் திறப்பதையும் பரிந்துரை கேட்பதையும் எழுதத் தொடங்கும்போதே முடித்துவிடுங்கள். எஸ்.டி.எஸ்.எஸ்., கையா இரண்டுக்கும் நன்றியுரையில் சேர்க்க வேண்டிய வாசகம் அவரவர் தளத்தில் இருக்கிறது, அதை அப்படியே எடுத்துப் போட வேண்டும். மூன்று தூசு வரைபடங்களின் கட்டுரைகளையும், நீங்கள் கடைசி விடையில் பயன்படுத்தாத வரைபடத்தையும் சேர்த்து, மேற்கோள் காட்டுங்கள். 3-ஆம் படியில் திறந்த அந்த உரைக் கோப்பைப் பதிப்பு எண்களோடு கட்டுரையின் பின்னிணைப்பாகச் சேர்த்துவிடுங்கள். நடுவர் கேட்கும் முதல் பத்துக் கேள்விகளில் பாதிக்கு விடை அதிலேயே இருக்கும்.